ஏரி மீனும் கடல் மீனும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ராஜபாட்டையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி ஸ்ரீபெரும்பூதூரை எட்டுவதற்கு முன்னால், பென்னலூர் என்ற ஊர் இருக்கிறது. இந்தப் பக்கம் இப்பொழுது மோட்டார்த் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. இரவு, பகல் என்று பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் தொழிற்சாலைகள் நேற்று வந்தவை. ஏரிகளோ பல தலைமுறைகளுக்கு முந்தியவை. ஸ்ரீபெரும்பூதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி, இவற்றுக்கெல்லாம் பெரியதாகச் செம்பரம்பாக்கம் ஏரி என்று, இந்த வட்டாரம் முழுவதும் ஏரிகளைக் கோத்த மாலை போல் அமைந்திருக்கிறது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மறு ஏரிக்கு நீர் போகும். செம்பரம்பாக்கம் நிரம்பினால் மிகுதி நீர் அடையாற்றில் இறங்கும். அடையாறு சென்னைக்குள் புகுந்து வங்காள விரிகுடாவில் கலக்கும்.

ஆகவே, மழைக்காலத்தில் இந்த ஏரிக்கரையில் நின்று ஒரு காகிதக் கப்பலை விட்டால், அது மூழ்காமலிருக்கும் பட்சத்தில், கடல் போய்ச் சேரலாம். நேர்கோட்டில் அளந்தால் கடல் இங்கிருந்து நாற்பது கிலோ மீட்டருக்குள்தான். காகிதக் கப்பல் போகும் வழியில் மீன் போகலாகாதா? அப்படியிருக்க, ஏரியில் துள்ளும் விரால் கடலில் ஏன் அகப்படுவதில்லை? கடலில் திரியும் வஞ்சிரம் ஏரிக்கு ஏன் விருந்து வருவதில்லை?

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வரும்போது உபாத்தியாயர்களாகிய நாங்கள் ஒரு சுலபமான காரியம் செய்கிறோம். கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிக்கிறோம். இடப்பக்கம் நன்னீர்ப் பிராணிகள், வலப்பக்கம் உப்புநீர்ப் பிராணிகள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தக் கோட்டின்மேல் நடந்து போகும் பிராணிகள் சில உண்டு. அவற்றைப் பற்றி அறியாததால் நம் தேசத்து ஆறுகளுக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல. அதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். முதலில் கோட்டுக்குக் காரணம் என்ன என்று பார்ப்போம்.

உப்பின் தொல்லை

ஊறுகாய் போடும் எந்தக் குடும்பத்திலும் இந்த ரகசியம் தெரியும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால், மறுநாள் காலையில் ஜாடியில் நீர் விட்டிருக்கிறது. மாங்காய்த் துண்டு சுருங்கியிருக்கிறது. அதற்கு எதிராக, உலர்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் போட்டால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு பருத்துவிடுகிறது. மெல்லிய தோலின் இருபுறத்திலும் நீர் இருந்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும். இது இயற்கையின் சட்டம்.

மீனின் செவுளும் மெல்லிய தோல்தான். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. ஏரி நீரிலோ உப்பு மிக மிகச் சொற்பம். மீனின் ரத்தம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதிலுள்ள உப்பு கடல் நீரில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. எனவே கடலில் வாழும் மீன் உப்பிலிட்ட மாங்காயின் நிலையில் இருக்கிறது. அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. சுற்றிலும் சமுத்திரம் இருந்தும் அந்த மீனுக்குத் தாகம்! ஏரி மீனோ திராட்சையின் நிலையில் இருக்கிறது. கேளாமலே நீர் உள்ளே புகுந்து உடலை நிரப்பப் பார்க்கிறது.

இருவகை மீன்களும் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளிக்கின்றன? ஏரி மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே புகுந்த நீரை அதன் சிறுநீரகங்கள் ஓயாமல் இறைத்து வெளியே கொட்டுகின்றன. அத்துடன் போகும் சிறிதளவு உப்பையும் ஈடுகட்டுவதற்காக, செவுள்கள் ஏரி நீரிலுள்ள சொற்ப உப்பைப் பொறுக்கி உள்ளே சேர்க்கின்றன. கடல் மீன் இதற்கு நேர் விரோதம். அது கடல் நீரைக் குடிக்கிறது. குடித்த நீரை வைத்துக்கொண்டு, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. கடல் மீன் கடல் நீரைக் குடிக்கிறது என்பதை 1930-ஆம் ஆண்டில் ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி நிலைநாட்டினார். அதை அடுத்து, ஆன்செல் கீஸ் என்பவர், செவுளில் உப்பை வெளியேற்றுவதற்கென்றே தனி அணுக்கள் இருக்கின்றன என்று காட்டினார். அவர் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்ட மீன் விலாங்கு. அது எவ்வளவு பொருத்தமான தேர்வு என்பது பின்னால் விளங்கும்.

சுறாவும் திருக்கையும் மூன்றாவது ஓர் உபாயத்தைக் கையாள்கின்றன. மற்றப் பிராணிகள் கழிவென்று வெளியேற்றும் யூரியாவை இவை ரத்தத்திலேயே தேக்கி வைத்துக்கொள்கின்றன. இதனால் ரத்தத்தின் செறிவு கடல் நீருக்குச் சமமாகிவிடுகிறது. நீர் கசிந்து போவதில்லை. பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் சுறாப் புட்டு செய்து கொடுக்கும் வீடுகளில், சுறா சற்றே பழையதானாலும் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வீசுவதை அறிவார்கள். அந்த யூரியா அழுகுவதால் உண்டாகும் நெடியே அது.

விராலிடம் உப்பை வெளியே தள்ளும் வசதி போதிய அளவில் இல்லை. வஞ்சிரத்திடம் நீரை இறைத்துக் கொட்டும் வசதி இல்லை. இடம் மாறினால் இரண்டும் மாண்டுபோகும். கரும்பலகைக் கோட்டின் காரணம் இதுதான்.

கடலை விட்டு வராதவர்கள்

கோட்டின் வலப்பக்கத்தில் கூட்டம் அதிகம். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடலட்டை ஆகிய மூன்றும் ஒரே குலம். இந்தக் குலத்தில் ஒன்றாவது உலகத்தின் எந்த ஆற்றிலும் எந்த ஏரியிலும் வாழவில்லை. கணவாய், சாக்குக் கணவாய் என்று நம் கடற்கரையில் விற்கும் பிராணிகளின் குலமும் அப்படியே. நன்னீரில் வாழும் கணவாய் இன்றுவரை இல்லை. தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுக்கும் சங்கும், முத்துச் சிப்பியும், மன்னார் வளைகுடாவின் பவளப் பூச்சிகளும் கடலை விட்டு அசையாதவை. பாக்கு நீரிணையில் கடற்புல் மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு, மூச்சு விடுவதற்கு மேலே வந்தாலும், ஆற்றுக்குள் வருவதில்லை. அருகி வரும் இந்தச் சாதுப் பிராணிக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோ மீட்டரைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் காப்பிடமாக அறிவித்தது.

நுரையீரலால் மூச்சு விடும் பிராணிகளுக்கும் உப்பின் தொல்லை உண்டு. தை முதல் பங்குனி வரையில் சென்னைக் கடற்கரையில் இரவு நேரங்களில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையைப் பார்த்தவர்கள், அது கண்ணீர் வடிப்பதாகச் சொல்வார்கள். பிரசவ வேதனை என்று எண்ணி இரங்குவதும் உண்டு. அது வேதனையன்று. கண்ணருகில் உள்ள சுரப்பி, உடலில் மிஞ்சிய உப்பைக் கண்ணீராக வெளியேற்றுகிறது. நம் ஏரிகளிலும் கிணறுகளிலும் வாழும் பாலாமைக்கு அத்தகைய உப்புக் கண்ணீர் தேவைப்படவில்லை. முதலைகளிலும் இந்தப் பாகுபாடு உண்டு. அமராவதி அணையில் வாழும் முதலை நன்னீர் ஜாதி. ஒரிஸ்ஸாவில் பிதர்கனிகாவின் கழிமுகக் காடுகளில் வாழும் பெரிய முதலை, நாக்கிலுள்ள சுரப்பிகளால் உப்பைத் தள்ளி, கடலிலும் நீந்திச் செல்ல வல்லது.

ஏரியின் குடிகள்

இடப்பக்கத்துக்கு வருவோம். விரால், குரவை, கெளுத்தி, தேளி, வாளை, ஆரல், அயிரை, கெண்டை இவை நம் ஏரிகளின் பழங்குடிகள். தவளை இனம் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. கங்கையில் வாழும் ஓங்கில் கூட, கடலில் உறவினர் பலர் இருந்தும், ஆற்றை விட்டுப் போகாத பிராணி; அதை 2009-ஆம் ஆண்டில் நம் தேசிய நீர்வாழ் பிராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏரியில் உப்பின் தொல்லை இல்லை. வறட்சியின் தொல்லை உண்டு. சித்திரை, வைகாசியில் தரை வெடித்துக் கிடக்கும் ஏரியில், ஆவணியில் முதல் மழை விழுந்த சில நாட்களில் மீன் துள்ளுகிறது. 'மீன் மழையோடு விழுந்தது' என்று சிலர் சொல்வதுண்டு. மழை பெய்தது வாஸ்தவம். மீன் மேலிருந்து விழவில்லை. விராலும் குரவையும் தேளியும் நீரில் கரைந்த காற்றோடு திருப்தியடையாமல், மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழித்து, மழைக்குப் பிறகு வெளிவருகின்றன. பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு குட்டை வற்றினால் மறு குட்டைக்குத் தரையிலேயே நடந்து செல்லும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் சேவையில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791-ஆம் ஆண்டில் ஒரு பனைமரத்தின்மேல் அந்த மீனைக் கண்டதாக எழுதி, அது லண்டன் வரை எட்டிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பனையேறுவதைப் பற்றி இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. தரையில் நடப்பதைப் பற்றிச் சந்தேகமில்லை.

ஏரிவாசிகள் குழந்தை வளர்க்கும் முறையும் கவனிக்கத் தக்கது. கடல் நண்டு லட்சக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றிலிருந்து வெளிவரும் இளம் உயிர்கள் நண்டைப் போலவே இருப்பதில்லை. நீரோட்டத்தில் வாரக்கணக்காக மிதந்து திரிந்து, பல உருவம் எடுத்த பிறகே நண்டாகின்றன. வயல் நண்டு அப்படிச் செய்தால் அதன் குஞ்சுகள் வாய்க்காலோடு போய், ஆற்றோடு போய், கடலில் விழுந்து மடியும். ஆகையால் வயல் நண்டு சில முட்டைகளையே இட்டு, அவற்றை வயிற்று மடியிலேயே சுமந்து, முழு நண்டுக் குஞ்சுகளாகவே வெளியே விடுகிறது. குளத்து மட்டியின் உபாயம் இன்னும் வேடிக்கையானது. அதன் இளங்குஞ்சுகள் மீன்களின் செவுளிலும் துடுப்பிலும் கவ்விக்கொண்டு சில காலம் சவாரி செய்கின்றன. பிறகு உதிர்ந்து சேற்றில் குடியேறுகின்றன. வெள்ளம் கடலுக்கு அடித்துச் சென்றுவிடாமலிருக்க, மீனே அவற்றுக்குத் தொட்டில்.

இரண்டு வீட்டுக்காரர்கள்

இதுவரையில் கோடு நிலைத்து நின்றது. இனி அதைத் தாண்டுகிறவர்களைப் பார்ப்போம்.

'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்பது பழமொழி. இரு கட்சியிலும் சேர்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்து நம்மவர் அதைச் சொல்வார்கள். விலாங்கின் உண்மைச் சரித்திரம் தெரிந்தால் பழமொழி எவ்வளவு பொருத்தம் என்று வியப்போம். விலாங்கு ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டுகள் வாழ்கிறது. ஆனால் அங்கே முட்டையிடுவதில்லை. வயது முதிர்ந்ததும் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி, ஆழ்கடலுக்குச் சென்று, ஒரே முறை முட்டையிட்டு இறந்துபோகிறது. குஞ்சுகள் வேப்பிலை போன்ற தட்டையான, கண்ணாடி போன்ற உருவத்தில் கடலோட்டத்தில் மிதந்து வந்து, முகத்துவாரத்தை அடைந்ததும் நூல் போன்ற சிறு விலாங்குகளாகி ஆற்றில் ஏறுகின்றன. ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகோடியிலுள்ள சர்காசோக் கடல் என்று டென்மார்க் தேசத்து ஜோஹான்னஸ் ஷ்மிட் என்பவர் பல ஆண்டுகள் கப்பலில் அலைந்து, 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நம் விலாங்கும் அதே குலந்தான். சென்னைப் பக்கத்து ஏரியில் ஒரு விலாங்கு அகப்பட்டால், அது அந்த ஏரியில் பிறந்ததன்று; இந்து மகா சமுத்திரத்தில் பிறந்தது. முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றில் எதிர்நீச்சலிட்டு, மழை இரவுகளில் கலங்கலின் ஈரக் கல்லைப் பற்றி ஏறி வந்த யாத்திரிகன் அது. திரும்பிப் போக வழியில்லாவிட்டால் அதற்குச் சந்ததியில்லை. கீஸ் தம் சோதனைக்கு விலாங்கை எடுத்துக்கொண்டதன் பொருத்தம் இப்பொழுது விளங்கும். ஏரியில் நீரை இறைத்துக் கொட்டவும், கடலில் உப்பைத் தள்ளவும், இரண்டு வித்தைகளும் பயின்ற உடல் அது.

உல்லம் என்னும் மீன் இதற்கு எதிர்த்திசையில் யாத்திரை செய்கிறது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீன் இதுவே. இது கடலில் வளர்ந்து, புது வெள்ளம் வரும் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடுகிறது. வெள்ளம் கலந்த நன்னீர் கடலில் பாய்வதே அதற்கு அழைப்பு.

கொடுவா மீன் வேறு விதம். அது முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் பிறக்கிறது. இளமையில் கழிக்கும் ஆற்றுக்கும் வருகிறது. இனவிருத்திக்குக் கடலை நாடுகிறது. முதலில் ஆணாக இருந்து, பெருத்தபின் பெண்ணாகிவிடும் அதிசயமும் அதனிடம் உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-ஆம் ஆண்டில் கொடுவாக் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்கச் செய்து வெற்றி கண்டார்கள்.

இறால்களிலும் இருவகை உண்டு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து தின்று வளர்ந்து, மறுபடியும் கடலுக்குப் போகின்றன. நீண்ட நீலக் கால்களையுடைய பெரிய ஆற்று இறாலோ ஆற்றில் வாழ்கிறது; குஞ்சு பொரிக்கும் சமயத்தில் கழிமுகத்துக்கு இறங்குகிறது. இந்த ஆற்று இறாலைப் பண்ணையில் வளர்க்க முயன்றவர்கள் வெகுகாலம் ஏமாற்றமடைந்தார்கள். முட்டை பொரியும், குஞ்சுகள் சில நாட்களில் இறந்துவிடும். நம்மவர் பலர் குடியேறியுள்ள பினாங்கில், ஷாவோ வென் லிங் என்ற நிபுணர் 1960-களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். நன்னீரில் வாழும் அந்த இறாலின் குஞ்சுக்கு உவர் நீர் வேண்டும்! உலகெங்கும் இன்று நடக்கும் ஆற்று இறால் வளர்ப்புக்கு அடிப்படை அந்த ஒரு சிட்டிகை உப்புதான்.

அடைபட்ட வழிகள்

இந்தப் பிராணிகளுக்கெல்லாம் ஏரியும் வேண்டும், கடலும் வேண்டும். இரண்டையும்விட முக்கியமாக, இரண்டுக்கும் நடுவே வழி வேண்டும். ஒரு வீட்டின் இரண்டு அறைகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கதவைச் சுவர் வைத்து அடைத்துவிட்டால் என்ன ஆகும்? நம் ஆறுகளில் நடந்தது அதுவே.

கொள்ளிடத்தில் ஸர் ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டில் மேலணையும் கீழணையும் கட்டத் தொடங்கினார். தஞ்சையின் பயிருக்கு அவற்றால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் கடலிலிருந்து ஏறி வந்த உல்லம் கீழணையில் முட்டி நின்றது. சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்து, இந்திய மீன்களைப் பற்றிப் பெரு நூல் எழுதிய பிரான்ஸிஸ் டே, அணைகள் மீன்களின் யாத்திரையைத் தடுப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்காருக்கு எடுத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழணையில் மீன்கள் ஏறுவதற்கு வழி அமைத்துப் பார்த்தார்கள். சால்மன் மீன் தாவுவதைப் போல் உல்லம் தாவும் என்று நினைத்திருக்கலாம், உல்லம் தாவவில்லை. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிந்து வெள்ளம் தேக்கப்பட்ட பிறகு, காவேரியின் உல்லம் மேலும் மெலிந்தது. கங்கையிலும் இதே கதை. ஒரு காலத்தில் அலகாபாத்துக்கும் அப்பால் ஏறிச் சென்ற மீன், 1975-ஆம் ஆண்டில் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அங்கெல்லாம் அரிய பொருளாகிவிட்டது.

அணை கட்டாமலும் கதவு அடைபடலாம். சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு ஏரி, ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொணரும் நீரால் அதன் பல பகுதிகள் நன்னீராகிவிடும்; கடுங்கோடையில் சில இடங்களில் கடலைவிட உப்பு மிகும். கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருவதும், வளர்ந்த இறால் வெளியே போவதும் முகத்துவாரத்தின் வழியாகவே. அங்குள்ள மீனவர்கள் 'பாடு' என்ற முறைப்படி, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு காத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அலை கொணரும் மணல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிட்டால், பாடு இருந்தும் பயனில்லை. வலையில் மீன் இல்லை.

கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிலிகா ஏரியே சாட்சி. அங்கும் முகத்துவாரம் தூர்ந்து, உப்புக் குறைந்து, களை மண்டி, மீன் பிடிப்பு ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் கீழே இறங்கியிருந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மணல் திட்டை வெட்டி, கடலுக்குப் புது வாய் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பிடிப்பு 10,000 டன்னைத் தாண்டியது. மீனை யாரும் கொண்டு வந்து விடவில்லை. வழியைத் திறந்தார்கள், மீன் வந்தது.

சுவரும் வேண்டும்

இதைக் கேட்டு, 'உப்பு நீரையும் நன்னீரையும் எங்கும் கலந்துவிட்டால் நல்லதுதானே?' என்று யாரேனும் நினைத்தால், அவர்களுக்குப் பழைய தஞ்சை ஜில்லாவின் கடலோரக் கிராமத்தார் பதில் சொல்வார்கள். 1990-களில் வெளிநாட்டு ஏற்றுமதியை நாடி, நாகைப் பக்கத்தில் நெல் வயல்களின் நடுவே இறால் பண்ணைகள் தோண்டினார்கள். கடல் நீரை இறைத்து உள்நாட்டுக்குள் நிரப்பினார்கள். உப்பு மண்ணில் இறங்கியது. அண்டை வயல் விளையாது போயிற்று. குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவரும் சர்வோதயத் தலைவருமான எஸ். ஜகந்நாதன், தம் மனைவியார் கிருஷ்ணம்மாளுடன் அந்தக் கிராமங்களில் சத்தியாக்கிரகம் நடத்தி, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி, கடலோரக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாதென்று கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். பின்னர் 2005-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு வேறு சட்டம் இயற்றி, பண்ணைகளை ஓர் அதிகார சபையின் அனுமதிக்கு உட்படுத்தியது. சட்டம் மாறினாலும் கிராமத்தார் கற்ற பாடம் மாறவில்லை.

எந்த நீரிலும் பிழைக்கும் ஒரு விருந்தாளியையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் சந்தைகளில் ஜிலேபி என்று விற்கும் மீன் ஆப்பிரிக்காவில் பிறந்த ஜாதி. 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான உணவு என்ற நல்லெண்ணத்தில் குளம் குளமாக விட்டார்கள். அது நன்னீரிலும் வாழும், உவர் நீரிலும் வாழும். குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். இன்று பல ஏரிகளில் வலையை இழுத்தால் ஜிலேபிதான் நிறைகிறது. பழங்குடிகளாகிய விராலும் கெண்டையும் ஒதுங்குகின்றன. ஓர் ஏரியில் மீன் நிறைய இருக்கிறது என்பதால் மட்டும் அந்த ஏரி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. என்ன மீன் என்று பார்க்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

பென்னலூர் வட்டாரத்துக்குத் திரும்புவோம். இங்கே கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள வழி பல இடங்களில் நெருக்கப்பட்டிருக்கிறது. வரத்துக் கால்வாய்கள் மனைகளாகவும் சாலைகளாகவும் குறுகுகின்றன. அடையாற்றின் கீழ்ப்பகுதியில் நகரத்துச் சாக்கடை கலந்து, மீன் மூச்சுவிடப் பிராணவாயு இல்லாமற் போகிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தில், நீருக்கு வழி விடாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சென்னைவாசிகள் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே கண்டார்கள். நீருக்கு வழி வேண்டுமென்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வழியே மீனுக்கும் வழி.

செலவு மிகுந்த காரியங்களைச் சர்க்கார் செய்யட்டும். எளிதாகச் செய்யக் கூடியவையும் சில இருக்கின்றன. ஏரிக் கலங்கலைப் பழுது பார்க்கும்போது, வழவழப்பான சிமிட்டிச் சுவராகச் செங்குத்தாக எழுப்பிவிடுகிறார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கரடுமுரடான கற்களைச் சரிவாகப் பதித்தால், அதில் ஈரம் தங்கும். விரல் நீளமுள்ள விலாங்குக் குஞ்சு அதைப் பற்றி ஏறிவிடும். இங்கிலாந்தில் ஆற்றுத் தடைகளில் விலாங்குக்கு வழி அமைக்கும்படி உத்தரவிட 2009-ஆம் ஆண்டிலேயே விதி செய்திருக்கிறார்கள். தூரிகை மயிர் பதித்த ஒரு சரிவுப் பலகையே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏரிகளைக் கட்டிய நாட்டுக்கு, ஒரு முழ அகலத்தில் கற்சரிவு வைப்பது பெரிய வித்தையல்ல.

மற்றொன்று பள்ளிக்கூடங்கள் செய்யக் கூடியது. ஏரியோரத்து ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். எந்த மாதத்தில் எந்த மீன் வலையில் வந்தது, எது வரவில்லை, விலாங்கு கடைசியாக எந்த வருஷம் அகப்பட்டது என்று, ஊரில் வலை வீசும் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பெரியவர்கள் அறிந்தது எந்தப் பாட புத்தகத்திலும் இல்லை. அவர்கள் காலத்துக்குப் பின் கேட்டறியவும் வழியில்லை. பத்து வருஷம் இப்படி எழுதினால், எந்தக் கலங்கலை மாற்ற வேண்டும், எந்தக் கால்வாயைத் திறக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் ஆதாரத்தோடு கேட்கலாம். வரும் வடகிழக்குப் பருவ மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தை இன்றே வாங்கிவிடலாம்.